ஒரே குடை, பல பேர்: திருநர் ஒற்றுமையின் கதை

'திருநர்' என்று ஒரே சொல்லில் சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால் அந்தச் சொல்லுக்குள்ள திருநங்கைகள் இருக்கினம், திருநம்பிகள் இருக்கினம், ஆண், பெண் என்ற இரண்டு பெட்டிக்குள்ளும் அடங்காத ஆக்களும் இருக்கினம். சத்திரசிகிச்சை செய்தவர், வேண்டாம் என்றவர், செய்யக் காசில்லாதவர் என்று அதற்குள்ளும் வேறுபாடுகள். ஒரே மாதிரி ஒடுக்கப்படுவதால் இவர்கள் இயல்பாகவே ஒன்றாக நின்றிருப்பார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பதுண்டு. அமெரிக்காவில் 1960 முதல் 1992 வரை நடந்தவற்றைப் பார்த்தால் கதை அப்படி இல்லை.

1960இல் வேர்ஜீனியா பிரின்ஸ் 'ட்ரான்ஸ்வெஸ்டியா' என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். ஆண்களாக வேலைக்குப் போய், கல்யாணம் முடித்து, இரகசியமாகப் பெண் உடை உடுத்தவர்கள்தான் அதன் வாசகர்களில் அதிகம். 'நான் மட்டும் இல்லை' என்பதை அவர்களுக்குச் சொன்னதே பெரிய விசயம். ஆனால் அதைச் சுற்றி பிரின்ஸ் கட்டிய அமைப்பில் தன்பாலீர்ப்பாளர்களுக்கு இடமில்லை. சத்திரசிகிச்சை மூலம் உடலை மாற்ற விரும்பியவர்களுக்கும் இடமில்லை. 'நாங்கள் மரியாதையான ஆக்கள், அவர்கள் வேறு' என்பதுதான் அதன் அடிப்படை. இதற்குப் பின்னால் பயமும் இருந்தது. ஒரு கடிதத்தைக் காட்டி, தபாலில் ஆபாசம் அனுப்பினார் என்று பிரின்ஸ் மீதே அரசு வழக்குப் போட்ட காலம் அது.

மற்றப் பக்கம் வைத்தியர்கள். 1966இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் பால்நிலை மாற்றத்துக்கான சிகிச்சை நிலையத்தை ஆரம்பித்தது. கொஞ்சக் காலத்தில் ஸ்டான்போர்டிலும் ஒன்று வந்தது. இந்த வேலைகளுக்குக் காசு கொடுத்து உதவியவர் ரீட் எரிக்சன் என்ற வசதியான திருநம்பி. அந்தக் காலத்தில் இந்தச் சிகிச்சையைத் தேடி வந்தவர்களில் பெரும்பாலானோர் திருநங்கைகள் என்பதை நினைத்தால் இது சின்ன உதவி இல்லை. ஆனால் கதவைத் திறப்பதா இல்லையா என்று முடிவெடுத்தவர்கள் வைத்தியர்கள். 'உண்மையான' ஆளா என்று சோதித்தார்கள். சிகிச்சைக்குப் பிறகு எதிர்ப்பாலினரையே காதலிப்பீர்களா என்பதும் அந்தச் சோதனைக்குள் இருந்தது. உள்ளே போக வேண்டுமென்றால் 'நான் அசல், அவர் போலி' என்று காட்டவேண்டிய நிலை.

அந்த வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் லூ சல்லிவன். அவர் ஆண்களை நேசித்த திருநம்பி. ஸ்டான்போர்ட் அவரை ஏற்கவில்லை. சல்லிவன் அதோடு ஒதுங்கிப் போகவில்லை. 1980இல் தன்னைப்போன்றவர்களுக்காக ஒரு தகவல் கைநூல் எழுதினார். சன் பிரான்சிஸ்கோவில் 'கோல்டன் கேட் கேர்ள்ஸ்' என்ற குழுவில் இருந்தபோது, அதன் பெயரில் 'கைஸ்' என்பதையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டார். சேர்த்தார்கள். பெயர்ப்பலகையில் ஒரு சொல் கூடினது சின்ன விசயம்தான், ஆனால் வெளியில் தயங்கி நிற்கிற திருநம்பிக்கு அது 'உள்ள வா' என்ற அழைப்பு. 1986இல் திருநம்பிகளுக்கான அமைப்பையும் தொடங்கினார். 1991இல், 39 வயதில், எயிட்ஸ் நோயால் இறந்தார். அதுவரைக்கும், பாலீர்ப்பைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுக்கக்கூடாது என்று வைத்தியர்களோடு வாதாடிக்கொண்டே இருந்தார்.

நியூயோர்க்கில் இன்னும் அடியில் இருந்தவர்கள் வேறு வழியில் இதைச் செய்தார்கள். 1970இல் சில்வியா ரிவேராவும் மார்ஷா பி. ஜோன்சனும் 'ஸ்டார்' அமைப்பைத் தொடங்கினார்கள். வீதியில் வாழ்கிற ஆக்களின் அமைப்பு என்பதை அதன் முழுப்பெயரே சொல்லியது. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட இளையவர்களுக்காக ஒரு வீடு எடுத்தார்கள். பிள்ளைகள் பாலியல் தொழிலுக்குப் போகக்கூடாது என்று தாங்கள் போய் உழைத்து வாடகை கட்டினார்கள். அந்த வீடு நீண்டகாலம் நிலைக்கவில்லை. 1973 பேரணியில் சிறையில் இருக்கிற ஆக்களைப் பற்றிக் கதைக்க ரிவேரா மேடையேறியபோது, தன்பாலீர்ப்பாளர் கூட்டமே கூச்சல் போட்டது. காவல்துறை பிடித்து அடைத்தவர்களுக்காகக் கதைத்த ஆளை, சொந்த இயக்கமே கேட்க விரும்பவில்லை.

'ட்ரான்ஸ்ஜெண்டர்' என்ற சொல்லின் பயணமும் இதோடு சேர்ந்ததுதான். சத்திரசிகிச்சை இல்லாமல் முழுநேரமும் பெண்ணாக வாழ்கிறவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக்காட்ட, 1970களில் பிரின்ஸ் 'ட்ரான்ஸ்ஜெண்டரிஸ்ட்' என்று சொன்னார். 1992இல் லெஸ்லி ஃபைன்பெர்க் எழுதிய சிறுபிரசுரம் அந்த அடியில் வந்த சொல்லையே எல்லாரையும் சேர்க்கிற குடையாகப் பிடித்தது. வேலி போடப் பயன்பட்ட சொல் குடையானது இப்படித்தான். ஆனால் குடைக்கும் ஒரு ஆபத்து இருக்கு. மானுடவியலாளர் டேவிட் வலன்டைன் 2007இல் வெளியிட்ட ஆய்வில், அமைப்புகள் 'ட்ரான்ஸ்ஜெண்டர்' என்று கணக்கெடுத்த ஏழைக் கறுப்பின, லத்தீன் இனத்தவர்களில் பலர் தங்களை அப்படிச் சொல்லவேயில்லை என்று காட்டினார். இன்னொருவருக்கு நாங்கள் பேர் வைப்பதை மரியாதை என்று சொல்ல ஏலாது.

இலங்கையிலும் இந்தக் கேள்வி இருக்கு. 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை மூலம் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் வந்தது. பிறப்புச் சான்றிதழை மாற்ற வழி கிடைத்தது உண்மையிலேயே பெரிய வெற்றி. ஆனால் அதற்கும் மனநல வைத்தியரின் ஒப்பம் வேண்டும், அதில் இருப்பதும் ஆண், பெண் என்ற இரண்டு பெட்டிதான். 'நச்சி' என்று தங்களைச் சொல்லி வாழ்கிற எல்லாரும் அந்தச் சான்றிதழைத் தேடுவதில்லை, 'ட்ரான்ஸ்ஜெண்டர்' என்ற பேரையும் எல்லாரும் எடுப்பதில்லை. கடதாசி கையில் இருக்கிறவர் அசல், இல்லாதவர் போலி என்று நாங்களும் கதைக்கத் தொடங்கினால், வைத்தியசாலை வாசலில் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்கிறோம்.

இந்த வரலாற்றில் எனக்குத் தெரிகிறது இதுதான்: பிரிவினை அதிகமும் வாசலில் நின்ற அதிகாரத்தின் பயத்தால் வந்தது. ஒற்றுமை, எல்லாரும் ஒரே மாதிரி மாறியதால் வரவில்லை. எரிக்சன் தன் காசைக் கொடுத்தார், ஒரு குழு தன் பெயரை மாற்றியது, இரண்டு பேர் தங்கள் உழைப்பில் ஒரு வீட்டுக்கு வாடகை கட்டினார்கள். ஒவ்வொரு இடத்திலும் தன்னைப்போல இல்லாத, அல்லது தன்னைவிட ஏலாத நிலையில் இருந்த ஒருவருக்காக யாரோ ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்திருக்கினம். எங்கட கூட்டங்களில் அடுத்த முறை ஒற்றுமை பற்றிக் கதைக்கும்போது, யார் எதை விட்டுக்கொடுக்கத் தயார் என்பதையும் ஒருக்கா கதைத்தால் நல்லது.