பந்தயக் குதிரையும் நடுவர் தீர்ப்பும்

நாஞ்சில் நாட்டில் குதிரைப் பந்தயத் திடல் எதுவும் இல்லை. வயலும் வாழையும் தென்னையும் நிறைந்த நாடு அது. உழவுக்கு மாடு உண்டு, குதிரைக்கு வேலை இல்லை. அப்படியிருக்க, அந்நாட்டில் பிறந்த நான் குதிரைப் பந்தயத்தின் வரலாற்றைப் பேச வந்தது ஏன் என்று நேயர்கள் வினவலாம். விடையாக என் தாய்மாமன் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாமா பூதப்பாண்டிப் பக்கத்தவர். இளமையிலேயே பிழைப்பை நாடி வடக்கே ஒரு பெருநகருக்குச் சென்று, ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதி வந்தார். 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் தோற்பையில் ஒரு பந்தயப் புத்தகம் இருக்கும். குதிரையின் தாய் தந்தை எவை, சென்ற பந்தயங்களில் அது எத்தனையாவதாக வந்தது, இம்முறை சுமக்கும் எடை என்ன, சவாரி செய்பவர் யார் என்பனவற்றையெல்லாம், பஞ்சாங்கம் பார்க்கும் சோதிடரைப்போலத் திண்ணையில் அமர்ந்து ஆராய்வார்.

ஒரு முறை அவர் பணம் கட்டிய குதிரை எல்லைக் கம்பத்தை முதலாவதாகக் கடந்தது. மாமா சீட்டும் கையுமாகப் பணம் வாங்கும் சாளரத்தண்டை போய் நின்றுவிட்டார். அதற்குள் ஆட்சேபணை என்று அறிவிப்பு வந்தது. சிறிது நேரத்தில், அக்குதிரை கடைசி வளைவில் மற்றொன்றின் வழியை மறித்தது என்று கூறி, முதலிடத்தை வேறொரு குதிரைக்கு அளித்துவிட்டனர். எப்படி மறித்தது, எவர் கண்டார் என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. பல ஆண்டுகள் கழிந்தும் மாமா இதையே சொல்லிக்கொண்டிருப்பார்: “துட்டு போனா போட்டும் மக்கா. ஏன் போச்சுன்னு ஒருத்தன் சொல்லாண்டாமா?”

சூதைப் போற்றுவதற்காக இக்கதையை நான் எடுக்கவில்லை. வள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். மாமாவின் சம்பளத்தில் எவ்வளவு அவ்வழியில் கரைந்தது என்பதை அத்தை நன்கறிவார். ஆயினும் மாமா கேட்ட கேள்வி சூதினும் பெரியது. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

பந்தயத் திடலில் தீர்ப்புச் சொல்வோர் இரு வகையினர். எல்லைக் கம்பத்துக்கு நேரே நின்று, முந்தியது எது, பிந்தியது எது என்று உரைப்பவர் ஒருவர், அவரே நடுவர். ஓட்டம் முறையாக நடந்ததா, ஒரு குதிரை மற்றொன்றை இடித்ததா, மறித்ததா என்று விசாரிப்போர் ஸ்டூவர்டுகள் எனப்படும் மேற்பார்வையாளர். முன்னவர் தொழில் பார்ப்பது. பின்னவர் தொழில் ஆராய்வது. பணம் கட்டியவனுடைய ஆத்திரம் பெரும்பாலும் இவ்விருவர்மீதுதான் பாயும்.

ஒரே குதிரை இவ்விருவராலும் தோல்வியடைந்த அதிசயம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 1913ஆம் ஆண்டு கிராகனூர் என்னும் குதிரை பெரும்புகழ் பெற்றிருந்தது. நியூமார்க்கெட் நகரில் நடந்த ‘இரண்டாயிரம் கினி’ப் பந்தயத்தில் அதுவே வென்றது என்று கண்டோர் பலரும் எண்ணினர். நடுவர் சார்லஸ் ராபின்சனோ லூவாய் என்ற குதிரையை வெற்றிபெற்றதாக அறிவித்தார். அகன்ற திடலில் விலகி ஓடிவரும் குதிரைகளுள் முந்தியது எது என்பதை, ஓரத்தில் நின்று ஒற்றைக் கண்ணோட்டத்தில் சொல்வது எளிதன்று. எனினும் அவர் சொல்லே முடிவு. அதற்குமேல் முறையீடு இல்லை.

அடுத்து, அவ்வாண்டு ஜூன் 4ஆம் நாள் எப்சம் திடலில் டெர்பிப் பந்தயம் நடந்தது. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டிப் போராடிய எமிலி டேவிசன், அரசருடைய குதிரையின் முன் வந்து அடிபட்டு, நான்கு நாளில் உயிர் நீத்தது அந்தப் பந்தயத்தில்தான். அத்துயரத்தின் நிழலில் பந்தயத்தின் பூசல் மங்கிப்போயிற்று. ஆனால் பூசல் சிறிதன்று. கிராகனூரும் அபாயெர் என்னும் குதிரையும் ஒன்றையொன்று உராய்ந்துகொண்டே வந்தன. கிராகனூர் ஒரு தலையளவு முந்தியது. நடுவரும் அதையே முதலாவதாக அறிவித்தார். தோற்ற குதிரையின் உரிமையாளர் ஆட்சேபிக்கவில்லை. மேற்பார்வையாளர்களே ஆட்சேபணை எழுப்பினர், அவர்களே விசாரித்தனர், அவர்களே கிராகனூரின் வெற்றியை நீக்கினர். ஒன்றுக்கு நூறு என்று பணயம் பேசப்பட்ட அபாயெர் டெர்பி வீரனாயிற்று.

குற்றம் முதலில் எதனுடையது? அபாயெரும் நேராக ஓடவில்லை என்பது பலருடைய கருத்து. மேலும், தீர்ப்பளித்தோருள் ஒருவரான மேஜர் யூஸ்டஸ் லோடர்தாம் கிராகனூரை முன்னர் தம் பண்ணையில் வளர்த்து விற்றவர். அதன் உரிமையாளர் பவர் இஸ்மேயோடு அவருக்குப் பகை இருந்ததென்று பின்னாளில் பலர் எழுதினர். பகை இருந்ததோ இல்லையோ, அத்தகைய ஒருவர் அந்நாற்காலியில் அமர்ந்திருக்கலாகாது என்பதே என் துணிபு. இஸ்மே முறையீடு செய்ய முயன்றார். காலம் கடந்துவிட்டதென்று அது தள்ளப்பட்டது. குதிரை அர்ஜென்டினாவுக்கு விற்கப்பட்டுக் கப்பலேறியது. இதற்கிடையே இன்னொரு வேடிக்கை: அன்று முன்னணியில் எல்லையைக் கடந்த டே காமெட் என்னும் குதிரையை நடுவர் காணவே இல்லை. நிழற்படம் கண்டது!

நடுவர் கண்ணுக்குத் துணையாக நிழற்படக் கருவி வந்தது இதற்குப் பல்லாண்டுகள் கழித்தே. அதன் அமைப்பு மாணவர்கள் அறிந்துகொள்ளத் தக்கது. எல்லைக்கோட்டுக்கு நேரே கருவியில் மெல்லிய பிளவு ஒன்று இருக்கும். பிளவின் பின்னே படச்சுருள், குதிரையின் வேகத்துக்கு ஏற்ப நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே அப்படத்தில் நாம் காண்பது ஒரு கணத்தில் வரிசையாக நின்ற குதிரைகளை அன்று; ஒரே கோட்டை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்த மூக்குகளையே காண்கிறோம். 1947இல் இங்கிலாந்தின் எப்சம் திடலில் இது வழக்குக்கு வந்தது. 1949ஆம் ஆண்டு டெர்பியில் நிம்பஸ் என்னும் குதிரையின் வெற்றி இப்படத்தைக் கொண்டே உறுதி செய்யப்பட்டது.

முந்தியது எது என்ற வழக்கு இவ்வாறு ஓய்ந்தது. மறித்தது எது என்ற வழக்கோ ஓயவில்லை. திடலைச் சுற்றிலும் கருவிகளை நிறுத்தி ஓட்டம் முழுவதையும் படம் பிடிக்கலாம். இடித்ததைப் படம் காட்டும். இடித்ததனால் முடிவு மாறியதா என்பதைப் படம் சொல்லாது; மனிதர்தாம் சொல்லவேண்டும். 2019ஆம் ஆண்டு அமெரிக்காவில் கென்டக்கி டெர்பியில் மாக்சிமம் செக்யூரிட்டி என்ற குதிரை முதலில் வந்தது. மேற்பார்வையாளர் ஏறத்தாழ 22 நிமிடம் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அது பிற குதிரைகளின் வழியில் விலகி ஓடியதென்று அதை 17ஆம் இடத்துக்குத் தள்ளினர். ஒன்றுக்கு 65 என்றிருந்த கன்ட்ரி ஹவுஸ் வென்றதாயிற்று. தலைமை மேற்பார்வையாளர் ஓர் அறிக்கையை வாசித்தார். செய்தியாளர் கேள்விகளுக்கு விடை சொல்லாமலே எழுந்தார். உரிமையாளர்கள் நீதிமன்றம் சென்றனர். ஓட்டத்தில் நேரும் தவறு பற்றி மேற்பார்வையாளர் அளிக்கும் முடிவே இறுதியானது என்று அம்மாநில விதி கூறுவதால், 2020இல் மேல் நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது. குதிரையின் உரிமையாளருக்கே இந்த நிலை என்றால், இரண்டு டாலர் கட்டிய பாமரன் யாரிடம் போய்க் கேட்பான்?

நம் நாட்டுக்கு வருவோம். சென்னைக் கிண்டியில் பந்தயம் 1777 தொட்டே நடந்ததாகக் கூறுவர். சென்னைப் பந்தயக் கழகம் 1896இல் அமைந்தது. குதிரைப் பந்தயத்தில் பணயம் வைப்பதை ஒழிக்கத் தமிழ்நாடு அரசு 1974இல் சட்டம் இயற்றியது. வழக்கு நெடுங்காலம் நடந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்ட விளையாட்டு அன்று, பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. குதிரையின் மரபு, அது பெற்ற பயிற்சி, சவாரி செய்பவருடைய தேர்ச்சி ஆகியவற்றை அறிந்து கணிப்பது அறிவின் செயல் என்பது அத்தீர்ப்பின் சாரம். திண்ணையிலிருந்து மாமா செய்ததும் அதுவே.

அத்தீர்ப்பைப் படித்தபோது எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. பகடையை உருட்டித் தோற்றவன் பகடையிடம் காரணம் கேட்பதில்லை. பந்தயம் திறமையின் பாற்பட்டது என்று நாட்டின் உயர்ந்த மன்றமே சொல்லிவிட்ட பின்னர், தன் கணிப்பு எவ்விடத்தில் பிழைத்தது என்று அறியும் உரிமை கணித்தவனுக்கு இல்லாமற் போகுமா? ஆட்சேபிக்கும் உரிமை குதிரைக்காரர்க்கும் சவாரிக்காரர்க்கும் உண்டு. திடலை நிரப்பிப் பணத்தைக் கொட்டுகிறவன் மட்டும் வாய்பேசாச் சாட்சி. இது முறையன்று என்றே கருதுகிறேன்.

மாமாவுக்கு இந்தக் கேள்விக் குணம் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்ததுண்டு. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே முன்னாளில் மருமக்கள் வழி நிலவியது. குடும்பச் சொத்து காரணவர் கையில் இருக்கும். அவர் சொன்னதே கணக்கு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அம்முறையின் அவலத்தை மருமக்கள் வழி மான்மியத்தில் நகையாடினார். 1926இல் திருவிதாங்கூரில் பிறந்த சட்டம் அதனை மாற்றியது. மாமா அச்சட்டத்துக்குப்பின் வளர்ந்தவர். காரணவரிடம் கணக்குக் கேட்கத் துணிந்த வீட்டிலிருந்து போனவர், ஒரு திடலில் கேட்கக்கூடாது என்றால் அடங்குவாரா?

அவர் காலமான பின் அந்தப் பந்தயப் புத்தகங்களைப் புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் குதிரையின் எடையையும் சவாரிக்காரர் பெயரையும் குறித்து, முடிவு என்ற கட்டத்தில் எண்ணை எழுதியிருந்தார். அந்த ஒரு பந்தயத்துக்கு நேரே எடை இருந்தது, பெயர் இருந்தது. முடிவுக் கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார்.