அனுமதி யாருடையது?

சில ஆண்டுகளுக்கு முன் எம் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் பித்தப்பைக் கல்லுக்காக நகரத்து மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். அறுபது வயதைக் கடந்தவர். நல்ல நினைவுடன் இருந்தார். அறுவைக்கு முந்தைய மாலை நாமும் அங்கிருந்தோம். தாதி ஒருவர் சில தாள்களைக் கொண்டுவந்தார். கட்டிலில் தஸ்பீஹ் மணியுடன் உட்கார்ந்திருந்த நோயாளியைக் கடந்து சென்று, சன்னலோரம் நின்ற மகனிடம் அவற்றை நீட்டினார். மூன்று இடங்களில் கையொப்பம். ஆங்கிலத்தில் இருந்த அத்தாள்களை மகனும் வாசிக்கவில்லை. "என்ன வாப்பா எழுதியிருக்கு?" என்று உம்மா கேட்டார். "ஒண்ணுமில்லை உம்மா, எல்லார்கிட்டயும் வாங்குறதுதான்" என்றார் மகன். அறுவை நலமாகவே முடிந்தது. ஆனால் அந்த உம்மாவின் கேள்வி எம் மனத்தை விட்டு அகலவில்லை. யாருடைய உடலில் கத்தி வைக்கப்படவிருந்ததோ, அவருக்கு மட்டும் அத்தாளில் இடமில்லாது போயிற்று.

நோயாளிக்குச் சட்டபூர்வமான உரிமைகள் உண்டு என்பது மேலைநாட்டார் நேற்று கண்டுபிடித்த கருத்து என்று எண்ணுவோர் நம்மிடையே உள்ளனர். எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று மேடையில் முழங்கி அமர்ந்துவிடுவோரும் உள்ளனர். பின்னவர்கள் பெரும்பாலும் எடுத்துக்காட்டுவது பீமாரிஸ்தான் எனும் மருத்துவமனைகளைத்தான். சுல்தான் கலாவூன் ஹிஜ்ரி 683இல் (கி.பி. 1284) கெய்ரோவில் எழுப்பிய மன்ஸூரி பீமாரிஸ்தான் உண்மையிலேயே வியக்கத்தக்கது. ஆண், பெண், செல்வர், வறியர், உள்ளூரார், வெளியூரார் அனைவருக்கும் அங்கே சிகிச்சை உண்டு என்று அதன் வக்ஃபுப் பத்திரம் விதித்தது. வாக்கிஃபின் நிபந்தனை மீற முடியாதது என்பது ஃபிக்ஹின் விதியாதலால், அங்கே சிகிச்சை பெறுவது வெறும் தருமமாக இராமல் உரிமையாகவே ஆயிற்று. ஆயினும் அப்பத்திரம் முஸ்லிம் நோயாளிகளையே குறிப்பிடுகிறது என்பதை மேடைகளில் யாரும் சொல்வதில்லை. அது நிற்க. கவனிக்கப்படுவது ஓர் உரிமை; கேட்கப்படுவது இன்னோர் உரிமை. இந்த இரண்டாவது உரிமையின் வரலாற்றையே இங்கு நாம் பார்க்க விழைகிறோம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இறுதி நோயின்போது நிகழ்ந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். குடும்பத்தார் நபியவர்களின் வாயோரத்தில் மருந்தை ஊற்ற முற்பட்டனர். வேண்டாமென்று நபியவர்கள் சைகை செய்தார்கள். நோயாளிக்கு மருந்து கசப்பது இயல்புதானே என்று எண்ணி அவர்கள் ஊற்றிவிட்டனர். தெளிவு வந்ததும் நபியவர்கள், நான் தடுக்கவில்லையா என்று வினவி, அப்போது அங்கே இராத அப்பாஸ் (ரலி) அவர்களைத் தவிர வீட்டிலிருந்த அனைவருக்கும் அதே மருந்தை ஊற்றும்படி கூறினார்கள். இந்த ஹதீஸை இமாம் புகாரீ (ரஹ்) மருத்துவம் பற்றிய பகுதியில் மட்டும் சேர்க்கவில்லை. உயிருக்கும் உறுப்புக்கும் ஈடு வழங்கும் தியத் சட்டங்களுக்கான பகுதியிலும் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அன்பினால் செய்யப்பட்டதாயினும், மறுத்தவர் வாயில் ஊற்றிய மருந்து பழிக்கும் ஈட்டுக்கும் உரிய விஷயங்களின் வரிசையில் நிற்கிறது. இதைவிட நுட்பமான உரை வேண்டுமா எனத் தோன்றுகிறது.

அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா ஆகிய தொகுப்புகளில் வரும் இன்னொரு ஹதீஸ் மருத்துவரின் பொறுப்பை நேராகவே பேசுகிறது. மருத்துவத்தில் தேர்ச்சியுள்ளவராக அறியப்படாத ஒருவர் வைத்தியம் செய்து தீங்கு விளைந்தால் அவரே அதற்கு ளாமின், அதாவது ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்பது அதன் கருத்து. பிற்காலச் சட்டம் அனைத்தும் இந்த ஒரு சொல்லைச் சுற்றியே வளர்ந்தது.

தேர்ச்சியை யார் அறிவது? ஹிஜ்ரி 319இல் (கி.பி. 931) பக்தாதில் மருத்துவர் ஒருவரின் தவறால் ஒருவர் இறந்துபோனார். செய்தி கலீஃபா முக்ததிரை எட்டியது. ஸினான் இப்னு ஸாபித் தேர்வு செய்து எழுத்தில் ஒப்புதல் அளித்தாலன்றி எவரும் வைத்தியம் செய்யலாகாது என்று முஹ்தஸிபுக்கு ஆணை பிறந்தது. புகழ்பெற்றோரும் அரண்மனை மருத்துவர்களும் நீங்கலாக, நகரின் இரு கரைகளிலும் 860க்கும் மேற்பட்டோர் தேர்வுக்கு வந்தனர் என்கின்றனர் வரலாற்றாசிரியர்கள். அவர்களில் ஒருவர் நல்லாடை அணிந்த கம்பீரமான முதியவர். ஸினான் அவரை மரியாதையுடன் அமர்த்தினார். கூட்டம் கலைந்த பின், தாங்கள் யாரிடம் பயின்றீர்கள் என்று கேட்டார். முதியவர் தினார்கள் பொதிந்த தாளொன்றை முன்னே வைத்து, தமக்கு எழுதப் படிக்கச் சரிவர வராது, குடும்பம் இருக்கிறது, பிழைப்பைக் கெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஸினான் சிரித்துவிட்டார். தெரியாத மருந்தைக் கொடுக்கக் கூடாது, எளிய நோய்களுக்கன்றி இரத்தம் எடுப்பதோ பேதிக்குக் கொடுப்பதோ கூடாது என்ற நிபந்தனையுடன் விட்டுவிட்டார். தாம் வாழ்நாளில் சிகஞ்ஜபீனையும் ஜுலாபையும் தாண்டியதே இல்லை என்றார் முதியவர். காடியும் தேனும் கலந்த பானமும் பன்னீர்ச் சர்பத்தும்தான் அவை! மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். யாரிடம் பயின்றாய் என்றதற்கு என் தந்தையிடம் என்றார். தந்தை நேற்று வந்த அதே முதியவர். அவருடைய வழியை விட்டு விலகாதே என்று சொல்லி அவரையும் அனுப்பிவைத்தார் ஸினான்.

வாசிக்கச் சுவையான நிகழ்ச்சிதான். ஆனால் நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் ஒன்று உறைக்கிறது. தம் நாடியைப் பிடிப்பவருக்கு எழுத்தே தெரியாது என்பது பக்தாதில் ஸினானுக்குத் தெரிந்தது, நோயாளிக்குத் தெரிந்ததா?

ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷைஸரீ, முஹ்தஸிபுகளுக்கான தமது கையேட்டில் இதற்கும் ஒரு வழி சொல்கிறார். மருத்துவர் நோயாளியைப் பார்த்ததும் நோயின் காரணத்தைக் கேட்டு, தாம் விதித்த சிகிச்சையை எழுதி, அதன் படியைச் சாட்சிகள் முன்னிலையில் குடும்பத்தாரிடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் அவ்வாறே. நோயாளி இறந்துபோனால் அப்படிகளை ஊரின் தலைமை மருத்துவரிடம் காட்டலாம். சிகிச்சை முறையானது என்று கண்டால் ஆயுள் முடிந்தது என்பார். பிழையென்று கண்டால் மருத்துவரிடமே தியத் பெற்றுக்கொள்ளுங்கள் என்பார். இது எல்லா ஊர்களிலும் நடைமுறையில் இருந்தது என்று சொல்லிவிட நாம் துணியவில்லை. கையேடுகள் சொல்பவை யாவும் கடைவீதியில் நடப்பதில்லை. ஆனால் சிகிச்சைக் குறிப்பு நோயாளி வீட்டாரின் உடைமை என்ற எண்ணம் அந்நூலில் ஐயத்துக்கிடமின்றி இருக்கிறது. மருத்துவமனை அலமாரியில் பூட்டப்பட்ட கோப்பின் படி வேண்டி இன்றும் அலைவோர் அறிவார்கள், அது எத்துணைப் பெரிய எண்ணமென்று.

தேர்ச்சி உண்டு, கையும் பிசகவில்லை; ஆனால் நோயாளியைக் கேட்கவில்லை. அப்போது? சட்ட அறிஞர்களின் மதிநுட்பம் வெளிப்படும் இடம் இதுவே. ஹன்பலி அறிஞர் இப்னு குதாமா (மறைவு ஹி. 620 / கி.பி. 1223) முக்னீயில் இதை விளக்குகிறார். கொப்பளம் வைத்து இரத்தம் எடுப்பவர், கத்னா செய்பவர், மருத்துவர் ஆகியோர் தம் தொழிலில் தேர்ந்தவராக இருந்து கையும் எல்லை மீறாதிருந்தால், பின்விளைவுக்கு அவர்கள் பொறுப்பல்லர். ஆனால் ஒருவருடைய உடலிலுள்ள கட்டியை அவருடைய அனுமதியின்றி அறுத்து, அதனால் தீங்கு பரவினால் அறுத்தவரே பொறுப்பு. அனுமதி இல்லாததால் அந்த அறுவை வெறும் காயப்படுத்தலாகிவிடுகிறது. கையிலிருந்த கத்தி அதேதான், திறமையும் அதேதான். ஓர் அனுமதி மட்டுமே இடையில் நின்று, ஒன்றை மருத்துவமாகவும் மற்றொன்றைக் குற்றமாகவும் ஆக்குகிறது.

நம் கடலோர ஊர்களுக்கு நன்கு அறிமுகமான ஷாஃபிஈ இமாம் நவவி (மறைவு ஹி. 676 / கி.பி. 1277) மின்ஹாஜில் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார்கள். தன் விவகாரத்தைத் தானே நடத்தும் தகுதியுள்ளவரை அவர்கள் 'முஸ்தகில்' என்கின்றனர். அத்தகையவரின் கட்டியை அனுமதியின்றி இன்னொருவர் அறுத்து அவர் இறந்தால், தியத் மட்டுமன்று, கிஸாஸே கடமையாகும். பருவமடைந்த, புத்தி தெளிவுள்ள, சுதந்திரமான மனிதர் என்பதே முஸ்தகிலின் பொருள். ஆணென்றோ பெண்ணென்றோ இச்சொல் பிரிப்பதில்லை. கணவனின் அனுமதி, மகனின் அனுமதி என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. சுதந்திரமான என்ற சொல்லுக்கும் ஒரு விலை இருந்ததை மறைப்பதற்கில்லை. அடிமையாக இருந்தவர் இந்த வட்டத்துக்கு வெளியே நின்றார்.

இக்கருத்துக்கு மறுபக்கமும் இருந்தது. இப்னுல் கையிம் (மறைவு ஹி. 751 / கி.பி. 1350) மருத்துவரின் பொறுப்பை ஐந்து வகையாகப் பிரிக்கிறார். அனுமதியின்றி அறுத்த தேர்ந்த மருத்துவர் பொறுப்பாவார் என்ற தம் மத்ஹபின் தீர்ப்பைச் சொல்லிவிட்டு, அவர் பொறுப்பாகாதிருக்கவும் இடமுண்டு என்கிறார். காரணம், அவர் முஹ்ஸின். நன்மையை நாடிச் செய்தவர். நன்மை செய்தோர் மீது குற்றமில்லை என்பது குர்ஆனின் கூற்றல்லவா? இந்த வாதம் மனத்தைத் தொடக்கூடியது, எளிதில் தள்ளிவிடத்தக்கதன்று. ஆயினும் நாம் பெரும்பான்மையோரின் பக்கமே நிற்கிறோம். நபியவர்களின் வாயோரத்தில் மருந்து ஊற்றியவர்களைவிட நன்மையை நாடியவர் யார்?

உதுமானியர் ஆட்சியில் இந்த அனுமதி ஏட்டிலிருந்து இறங்கி நீதிமன்றத்துக்கே வந்தது. பூர்சா, உஸ்குதார் முதலிய ஊர்களின் ஷரீஅத் நீதிமன்றப் பதிவேடுகளில், மூத்திரப்பைக் கல்லையோ குடலிறக்கத்தையோ அறுத்துக்கொள்ள இருந்தவர்கள் மருத்துவருடன் காழியின் முன் தோன்றிப் பதிவு செய்த சம்மதப் பத்திரங்கள் இருக்கின்றன. என்ன நோய், எவ்வளவு கூலி, தாம் மனமொப்பியே உடன்படுகிறோம், இறந்துவிட்டால் வாரிசுகள் தியத் கேட்கலாகாது என்று அவை கூறும். சிறுவனாயின் தந்தை வந்தார். உஸ்குதாரில் 17ஆம் நூற்றாண்டில் ஸாலிஹா காத்தூன் என்ற பெண் அறுவை மருத்துவரின் பெயரில் இத்தகைய பத்திரங்கள் பல பதிவாகியுள்ளன. அவரிடம் ஆண்களும் சிகிச்சைக்கு வந்தனர்.

இப்பத்திரங்களைக் காட்டிப் பெருமை கொள்ளுமுன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இவை முதலில் காத்தது மருத்துவரைத்தான். வாரிசுகளின் வழக்கிலிருந்து அவருக்குக் கிடைத்த கவசம் அது. இன்றைய மருத்துவமனைத் தாளும் பெரும்பாலும் அதே வேலையைத்தான் செய்கிறது. எனினும் வேறுபாடு ஒன்றுண்டு. அன்று நோயாளி தாமே காழியின் முன் வந்து, தம் வாயால், தாம் அறிந்த மொழியில் சொன்னார், காழி கேட்டார், சாட்சிகள் நின்றனர்.

இந்தியச் சட்டம் இக்கேள்விக்கு வந்துசேர நெடுநாள் பிடித்தது. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டணம் பெறும் மருத்துவ சேவைக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்த பின்னரே, சாதாரண நோயாளியால் வழக்கு மன்றத்தின் படியேற முடிந்தது. அதே 1995இல் டெல்லியில் நாற்பத்து நான்கு வயதான, மணமாகாத பெண்மணி ஒருவர், நோயைக் கண்டறியும் பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டுப் படுத்திருந்தார். உள்ளே கண்டதைக் கொண்டு, வெளியே இருந்த தாயாரிடம் சம்மதம் பெற்று, அவருடைய கருப்பையையும் சினைப்பைகளையும் மருத்துவர் அகற்றிவிட்டார். 2008 சனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்த சம்மதமாகாது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தாலன்றி ஒன்றின் சம்மதத்தை இன்னொன்றுக்கு நீட்டலாகாது. நோயாளி வயது வந்தவர், தெளிந்த சிந்தையுடையவர், விழித்தெழும் வரை காத்திருக்கலாம். ஆகவே தாயின் சம்மதம் செல்லாது. மருத்துவர் நல்லெண்ணத்துடனேயே செயல்பட்டார் என்பதையும் நீதிமன்றம் கருத்தில் கொண்டது. இழப்பீடு 25,000 ரூபாய்தான். தொகை சிறிது என்று குறைப்பட்டோர் உண்டு. நாமும் அவர்களில் ஒருவரே. ஆனால் முஸ்தகிலும் முஹ்ஸினும் மீண்டும் ஒரே வழக்கில் எதிரெதிரே நின்றதை அத்தீர்ப்பில் காண்கிறோம்.

ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி 1992இலேயே இதில் தீர்மானம் நிறைவேற்றிவிட்டது. முழுத் தகுதியுள்ள நோயாளியாயின் அவருடைய அனுமதியே நிபந்தனை. தகுதி குறைந்தவராயின் பாதுகாவலரின் அனுமதி. அப்பாதுகாவலர் நோயாளிக்குத் தெளிவான தீங்கு நேரும் வகையில் மறுத்தால் அதை ஏற்க வேண்டியதில்லை. உயிருக்கு ஆபத்தான அவசர வேளையில் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இத்தீர்மானம் நம் ஜும்ஆ மேடைகளில் எடுத்துரைக்கப்பட்டதை நாம் கேட்டதில்லை. மனைவியின் அறுவைக்குக் கணவன் கையொப்பமிட வேண்டும் என்பது மார்க்கச் சட்டம் என்றே நம்மில் பலரும் இன்றுவரை நம்பிவருகின்றனர்.

உறவுக்காரப் பெண்மணி வீடு திரும்பிய பின் ஒருநாள் அந்தத் தாளைக் கொண்டுவரச் சொன்னார். கோப்பில் ஒரு படி இருந்தது. மகன் வரிவரியாகத் தமிழில் சொல்ல, நாமும் கேட்டிருந்தோம். சிறு துளைகள் வழியாகச் செய்ய முடியாது போனால் வயிற்றைத் திறந்து அறுக்கவும் சம்மதிக்கிறேன் என்று இரண்டாம் பத்தியில் இருந்தது. மகன் அங்கே நிறுத்திவிட்டார். "வயித்தையே திறக்கலாம்னா? இது எனக்குத் தெரியாதே" என்றார் உம்மா. "எனக்கும் இப்பத்தான் உம்மா தெரியும்" என்றார் மகன்.