மாறாத ஊசி

பிகாம் படிப்பவனுக்கு இசைத்தட்டு ஊசியோடு என்ன வேலை என்கிறீர்களா? வருஷத்துக்கு ஒரு மாடல் விடாவிட்டால் சந்தையில் காலம் தள்ள முடியாது என்று வகுப்பில் படிக்கிறோம். 1960-களில் பிறந்த டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜோ அறுபது வருஷம் தாண்டியும் தயாரிப்பில் இருந்தது!

ஸ்டீரியோ எஃப்எம் ஒலிபரப்புக்காக ஜப்பானின் என்எச்கே, டெனானோடு சேர்ந்து உருவாக்கியது அது. வானொலி நிலையத்துக்கு ஜிகினா வேண்டாம். தினமும் ஒரே மாதிரி ஒலித்தால் போதும். அதனால் சாதாரணக் கூம்பு முனை, 2.5 கிராம் அழுத்தம். பொதுமக்களுக்கு 1970-ல்தான் விற்றார்கள்.

ஆனால் விலையை மட்டும் பார்த்து வாங்கினால் மாட்டிக்கொள்வோம். வெளிவரும் மின்சாரம் 0.3 மில்லிவோல்ட்தான், தனி டிரான்ஸ்ஃபார்மரோ, மூவிங் காயிலுக்கான ஆம்ப்ளிஃபயரோ தேவை. கைப்பிடியும் கனமாக இருக்க வேண்டும். இலேசான கைக்கு 1964-ல் வந்த ஷூர் வி15 பொருந்தும், ஊசியை மட்டும் கழற்றி மாற்றலாம். டெனானில் அது நடக்காது, தேய்ந்தால் முழுசாக மாற்ற வேண்டியதுதான். (தேய்மானக் கணக்கு இங்கேயும் விடவில்லை பாருங்கள்!)

வேடிக்கை என்னவென்றால், 2018-ல் ஷூர் இந்தத் தொழிலையே விட்டுவிட்டது. வி15 வைத்திருப்பவர்கள் வேறு கம்பெனி ஊசிகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.