நயம் பாராட்டல்

தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்புகளில், கொடுக்கப்பட்ட கவிதையைப் படித்து அதன் பொருளையும் அழகையும் மாணவர் தம் சொற்களில் விளக்கும் பயிற்சி. பிளஸ் ஒன், பிளஸ் டூ தமிழ்த் தேர்வெழுதியவர்களுக்கு இது பழகிய வினா.

விடை பெரும்பாலும் மையக்கருத்தில் தொடங்கி மோனை, எதுகை, இயைபு, அணி, சந்தம் என்று நகரும். இவை வரும் சொற்களை அடிக்கோடிட்டுக் காட்டுவது வழக்கம். 'மண்', 'மழை' இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கினால் மோனை. 'கல்வி', 'செல்வம்' இரண்டிலும் இரண்டாம் எழுத்தாக 'ல்' நின்றால் எதுகை. இதைக் கண்டுபிடிப்பது எளிது. அந்த ஒலி அங்கே ஏன் வந்தது, பொருளுக்கு என்ன செய்தது என்று கேட்டால்தான் வகுப்பு மௌனமாகிறது.

மௌனத்துக்குக் காரணம் உண்டு. எந்தக் கவிதைக்கும் பொருந்தும்படி நோட்ஸில் தயாராக இருக்கும் வாக்கியங்கள், கவிதையைப் படிக்காமலே மதிப்பெண் வாங்கித் தந்துவிடுகின்றன.

இதற்கு ஒரு மாற்று, மாணவரையே எழுத வைப்பது. 2018இல் பிளஸ் ஒன்னுக்கும் அடுத்த ஆண்டு பிளஸ் டூவுக்கும் வந்த புதிய பாடநூல்கள் படைப்புக்கும் இடம் தந்தன. 'கற்பவை கற்றபின்' என்ற பகுதி மாணவரைப் பேசவும் எழுதவும் அழைக்கிறது. எழுத்தாளர் ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதை பிளஸ் ஒன் நூலில் துணைப்பாடமானது. அக்கதையை யானையின் பார்வையிலிருந்து ஒரு பக்கம் திருப்பி எழுதச் சொன்னால் போதும்: கதைசொல்லி யார், எதைச் சொல்லாமல் விட்டார் என்பதெல்லாம் எழுதும்போதே பிடிபடும். பகுப்பாய்வுக்குத் தனிப் பாடவேளை தேவைப்படாது.