பழைய மில்லில் புது ஆபீஸ்... பேசினால் ஏன் காதில் விழுவதில்லை? சரிசெய்வது எப்படி?

பூசாத செங்கல் சுவர், தலைக்கு மேலே இரும்பு உத்தரம், எட்டு மீட்டர் உயரத்தில் கூரை. பழைய மில், குடோன், ஒர்க்‌ஷாப்பை எல்லாம் புதுப்பித்து ஆபீஸ், கஃபே, விழா மண்டபம் என மாற்றுகிறார்கள். போட்டோவில் அள்ளும். ஆனால் பத்து மேசை நிரம்பிவிட்டால் போதும், எதிரில் உட்கார்ந்திருப்பவர் சொல்வது புரியாது. அவர் சத்தமாகப் பேசுவார், பக்கத்து மேசைக்காரர் அதைவிடச் சத்தமாகப் பேசுவார். கொஞ்ச நேரத்தில் சந்தைக்கடைதான்.

என்ன காரணம்?

பள்ளிப் பாடத்தில் 'எதிர்முழக்கம்' என்று படித்திருப்போம். ஒலி சுவரிலும் தரையிலும் கூரையிலும் மாறி மாறி மோதி, உடனே அடங்காமல் நீடிப்பதுதான் அது. நாம் சொன்ன முதல் சொல் அடங்குவதற்குள் அடுத்த நாலு சொல் வந்து அதன்மேல் விழுகிறது. செங்கல், சிமெண்ட் தரை, கண்ணாடி மூன்றுமே ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்பும் ரகம். தறி ஓடிய காலத்தில் இதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அங்கே பேச வேண்டிய அவசியமே இல்லை.

இதற்குக் கணக்கு உண்டா?

உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை அரங்கில் பேச்சு புரியவில்லை என்ற புகாரை 1895-ல் வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் கொடுத்தார்கள். பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து போட்டுப் போட்டு அளந்தார். அதிலிருந்து வந்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கூடத்தின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அங்குள்ள மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகும் என்று கிடைக்கும்.

30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரம் கொண்ட ஒரு காலி ஷெட்டை எடுத்துக்கொள்வோம். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 1,620 சதுர மீட்டர். அதில் படும் ஒலியில் 5 சதவீதம்தான் உறிஞ்சப்படுகிறது என்றால், விடை சுமார் 7 விநாடி. கதவு, ஜன்னல், சாமான்கள் இருப்பதால் நிஜத்தில் இது குறையும். 100 பேர் வந்து உட்கார்ந்தாலும் 4 விநாடிக்கு மேல்தான். பேச்சு தெளிவாகக் கேட்க சுமார் 1 விநாடி போதும். இப்போது கூரையின் அடிப்பக்கம் முழுக்க, படும் ஒலியில் 80 சதவீதத்தை உறிஞ்சும் பொருளைக் கட்டினால்? ஆள் இல்லாமலே 1.4 விநாடிக்கு இறங்கிவிடும். அதாவது காசைப் போட வேண்டிய முதல் இடம் கூரை. சுவரில் அங்கொன்று இங்கொன்றாக நாலு பேனல் ஒட்டினால் அலங்காரம்தான் மிச்சம்.

அப்போ எல்லா இடத்திலும் ஒலியை உறிஞ்சிவிடலாமா?

கூடாது. இங்கிலாந்தின் ஸ்னேப் கிராமத்தில் பார்லியை மால்ட் ஆக்கும் பழைய ஆலை ஒன்று இருந்தது. இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் தன் இசை விழாவுக்காக அதைக் கச்சேரி அரங்காக மாற்ற விரும்பினார். அரூப் அசோசியேட்ஸ் நிறுவனத்தின் டெரெக் சக்டன் செங்கல் சுவரை வைத்துக்கொண்டு, புதிதாக மரக்கூரை போட்டார். 1967-ல் திறந்தார்கள். 1969-ல் விழாவின் முதல் நாள் இரவே தீப்பிடித்து உள்ளே எல்லாம் போனது. அடுத்த ஆண்டு விழாவுக்குள் மறுபடி கட்டி முடித்தார்கள். சுமார் 800 பேர் உட்காரும் அந்த அரங்கின் ஒலி இன்றும் பேசப்படுகிறது. ஆபீஸில் தொல்லையாக இருக்கும் அதே செங்கல், அங்கே இசைக்கு நீளமும் செழுமையும் தருகிறது. அந்த இடம் பேச்சுக்கா, கச்சேரிக்கா என்பதை டிசைன் போடும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். திறப்பு விழாவுக்கு அப்புறம் யோசித்தால் செலவு இரட்டிப்பாகும்.

கூரையை மறைத்தால் அழகு போய்விடாதா?

முழுசாக மூட வேண்டியதில்லை. கம்பியில் தொங்கவிடும் பலகைகள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் ஒலி படுவதால் ஒரே பலகை கூடுதலாக உறிஞ்சும், உத்தரமும் கண்ணில் படும். தடிமனில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மெல்லிய ஃபோம் கீச்சுக்குரலை மட்டும் விழுங்கும், ஏசியின் உறுமலை விட்டுவிடும். பேனலுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விட்டால் தாழ்ந்த ஒலியும் ஓரளவு அடங்கும்.

இன்னொரு குழப்பம் 'சவுண்ட் ப்ரூஃப்'. உள்ளே உறிஞ்சுவது வேறு, வெளியே போகாமல் தடுப்பது வேறு. தகரக் கூரையில் விழும் மழைச் சத்தமோ, பக்கத்து வீட்டுக்காரர் புகாரோ பேனல் ஒட்டினால் தீராது. அதற்குக் கனமான, சந்து இல்லாத தடுப்பு வேண்டும்.

இதில் ஆபத்து எங்கே?

மலிவான ஃபோமில். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 2003-ல் ஒரு இரவு விடுதியில், அக்கம்பக்கத்தார் புகாருக்காகச் சுவரில் ஒட்டியிருந்த பாலியூரித்தேன் ஃபோம் மேடை வாணவேடிக்கையில் பற்றிக்கொண்டது. 100 பேர் இறந்தார்கள். 2013-ல் பிரேசிலின் சாந்தா மரியாவிலும் கிட்டத்தட்ட அதே கதை, 242 பேர். இரண்டும் ஆலைக் கட்டடங்கள் அல்ல, ஆனால் அந்த ஃபோம் எங்கே ஒட்டினாலும் எரியும். முட்டை அட்டை அதைவிட மோசம், ஒலியையும் அடக்காது, எரியவும் செய்யும். ராக் வூல், கிளாஸ் வூல் போன்றவை எரியாத பொருட்கள். அவற்றின் மேல் சுற்றும் துணிக்கும் தீ சோதனைச் சான்று கேளுங்கள்.

பழைய ஷெட்டில் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா என்றும் பார்த்துவிடுங்கள். பலகை மாட்ட அதில் ட்ரில் போட்டால் நுரையீரலைக் கெடுக்கும் இழைகள் தூசியாகப் பறக்கும். ஷீட்டைத் தொடாமல், இரும்புச் சட்டத்தில் கவ்வி மாட்டித் தொங்கவிடலாம். அந்தச் சட்டம் கூடுதல் எடையைத் தாங்குமா என்று முதலில் இன்ஜினியரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.