ஹெனரத்கொடையிலிருந்து பெல்மதுளைக்கு

பெல்மதுளையில் பொழுது புலரும்போதே பால்வெட்டுக்காரர்கள் மலையேறிவிடுவார்கள். வெயில் ஏறிவிட்டால் பால் குறைந்துபோகும். என் பாட்டி பல ஆண்டுகள் அந்த வேலை செய்தவர். வெட்டுக் கத்தி, சிரட்டை, வாளி, பிரட்டுக்களம், லயம் என்பனவே அவர் கண்ட உலகம். "இந்த மரத்தயெல்லாம் மொதமொதல்ல யாரு பாட்டி நட்டா?" என்று சிறுவயதில் ஒருமுறை கேட்டேன். "தொரமாருதான்" என்றார். சற்றுப் பொறுத்து, "நடச் சொன்னது தொர. நட்டது நம்ம ஆளுக" என்று திருத்திக்கொண்டார்.

நடச் சொன்னவர்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். தேடிப் போனால், அது தோட்டத்துத் துரையோடு நிற்பதில்லை. பேராதனைத் தாவரவியல் பூங்கா வரை செல்கிறது.

கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் அரச சோலையாக விளங்கிய இடம் அது. மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைந்தோடும் 147 ஏக்கர் நிலம். கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்கு மாறி ஆறு ஆண்டுகளின் பின்னர், 1821 இல் அலெக்சாந்தர் மூன் என்பவர் அங்கே தாவரவியல் பூங்காவை நிறுவினார். நான்கே ஆண்டுகளில் அவர் இறந்துபோக, பின் வந்தவர்கள் காலத்தில் பூங்கா தளர்ந்தது. 1844 இல் ஜோர்ஜ் கார்ட்னர் பொறுப்பேற்ற பின்னரே மீண்டும் தலைநிமிர்ந்தது. அவரும் 1849 இல் திடீரென மறைந்தார். அடுத்து வந்தவர்தான் ஜோர்ஜ் ஹென்றி கென்ட்ரிக் துவைற்ஸ்.

முதலில் அத்தியட்சகராகவும் பின்னர் பணிப்பாளராகவும் முப்பத்தொரு ஆண்டுகள் அவர் பூங்காவை ஆண்டார். ஆண்டார் என்ற சொல்லைத் தெரிந்தே போடுகிறேன். ஒருமுறையேனும் அவர் தம் தாய்நாடு திரும்பியதில்லை. பூங்கா என்பது ஒருவர் நட, இன்னொருவர் வளர்க்க, மூன்றாமவர் பயன் காணும் இடம். அங்கே மேலாளும் பணியாளும் நிலைத்து நிற்பதே பெரும் முதலீடு. துவைற்ஸுக்கு வாய்த்த சிங்கள ஓவியர் ஹர்மானிஸ் டி அல்விஸ், மூன் காலத்தில் 1823 இல் சேர்ந்து முப்பத்தெட்டு ஆண்டுகள் செடிகொடிகளை வரைந்தவர். மக்களும் அதே தொழிலைத் தொடர்ந்தனர். சின்னஞ்சிறு ஓர்க்கிட் இனம் ஒன்று இன்றும் அல்விஸ் பெயரைத் தாங்கி நிற்கிறது. பூங்காவின் சுதேசப் பணியாளர்களுள் இவ்வாறு பெயர் பெற்றவர் மிகச் சிலரே.

1869 இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் தூள் படியத் தொடங்கியது. துவைற்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அது ஒரு பூஞ்சணம் என்று அங்கே கண்டறிந்தார்கள். இது எளிதில் தீராது என்று துவைற்ஸ் எச்சரித்தும் துரைமார் பலர் பொருட்படுத்தவில்லை. அக்காலம் கோப்பியின் விலை ஏறிக்கொண்டிருந்தது. விளைச்சல் குறைந்ததை அந்த விலை மறைத்துவிட்டது. 1880களின் நடுவில் கோப்பித் தொழிலே சாய்ந்தது. வட்டிக்கு வாங்கிய துரைமார் ஓட்டாண்டியானார்கள். கூலி நிலுவையோடு நின்ற நம்மவர் கதி என்னவாயிற்று என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

கோப்பி போனால் வேறென்ன? பூங்காவின் வேலை அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே விடை வைத்திருப்பதுதான். 1861 இலேயே ஹக்கலையில் சிங்கோனாவுக்கென ஒரு கிளைத் தோட்டம் திறந்தாயிற்று. தேயிலை பேராதனையில் அதற்கு முன்பே இருந்தது. இறப்பர் வந்த கதைதான் சுவையானது. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுசென்ற விதைகளை இலண்டன் கியூ பூங்காவில் முளைக்க வைத்தார்கள். 1876 ஓகஸ்ட் மாதம் 1,919 நாற்றுகள் 38 கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பலேறின. மூடிய பெட்டிக்குள் மண்ணின் ஈரமே ஆவியாகி, கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்து, மறுபடி வேருக்கு இறங்கும். கடல் நடுவே நீர் ஊற்ற ஆள் வேண்டாம். ஆனாலும் கியூ பூங்கா ஆளை நம்பியது. பெட்டிகளோடு வில்லியம் சாப்மன் என்ற தோட்டக்காரரையும் அனுப்பியது. பத்தில் ஒன்பது நாற்றுகள் உயிரோடு வந்து சேர்ந்தன.

பேராதனையைவிட வெப்பமும் ஈரமும் கூடிய தாழ்நிலம் இறப்பருக்கு வேண்டும் என்று கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் அதே ஆண்டு ஒரு தோட்டம் திறந்தார்கள். துவைற்ஸ் 1882 இல் மறைந்தார். அவர் காலத்தில் எந்தத் தோட்டத்திலும் இறப்பர் இலாபம் தந்ததில்லை. அடுத்த பணிப்பாளர் ஹென்றி டிரைமன் 1888 இல் ஹெனரத்கொட மரங்களில் பால் வெட்டிச் சோதித்தார். 1910 அளவில் விலை உச்சிக்குப் போனபோது, களுத்துறையிலும் சப்பிரகமுவவிலும் காடு வெட்டி இறப்பர் வைத்தார்கள். பெல்மதுளைக்கும் அது வந்தது.

இவ்விடத்தில் நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். கோப்பிக்குப் பறிப்புக் காலத்தில்தான் ஆள் திரளாக வேண்டும். அறுவடை முடிந்தால் நம்மவர் பலர் நடந்தே ஊர் திரும்பினர். தேயிலையும் இறப்பரும் அப்படியல்ல. பருவத்தோடு முடியாத நாளாந்த வேலை. ஆகவே குடும்பத்தோடு ஆள் வேண்டும், லயம் வேண்டும். எந்தச் செடியை எங்கே வளர்ப்பது என்று பூங்கா அலுவலகத்தில் ஒருவர் எடுத்த தீர்மானம் எங்கள் வம்சத்தை இந்த மண்ணில் குடியேற்றியது. பிரேசில் மரம் இந்நாட்டின் சொத்தாயிற்று. அதை வளர்த்தவர்களோ 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவரானார்கள். எஞ்சியோருக்கு அந்தக் குறை தீர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர மாணவர்களைப் பேராதனைக்கு அழைத்துச் சென்றேன். பிரமுகர்கள் நட்ட மரங்களின் முன் பிள்ளைகள் நின்று பெயர்ப்பலகைகளை வாசித்தார்கள். 1875 இல் வேல்ஸ் இளவரசர் நட்ட அரசு. 1901 இல், பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவரும் அவர் துணைவியும் நட்ட நாகலிங்கம். 1961 இல் யூரி ககாரின் நட்ட மரம். (நாகலிங்கமும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான், வந்த இடத்தில் நாம் அதைச் சிவனுக்கு உரியதாக்கிக்கொண்டோம்.) "சேர், குழி வெட்டினது யாரு?" என்று ஒரு மாணவி கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கோ பாட்டி நினைவுக்கு வந்தார்.

ஒரு பூங்காவை நடத்துவது பணிப்பாளரின் கையெழுத்தால் மட்டும் ஆவதன்று. நாற்றுமேடைக்கு நாளும் நீர் தெளிக்க வேண்டும். மழைக்கு முன் வடிகால் தோண்ட வேண்டும். கறையான் ஏறிய கிளையைக் கண்டதும் சொல்ல வேண்டும். விடுமுறை நாளில் கூட்டம் போட்ட குப்பையை மறுநாள் வெளிச்சம் வருமுன் அள்ள வேண்டும். ஒருநாள் தவறினாலும் நூறாண்டு மரத்துக்குப் பெரிதாகத் தெரியாது. நாற்றுக்கு அதுவே முடிவு. இந்த அறிவு புத்தகத்தில் ஏறவில்லை. ஒருவர் ஓய்வு பெற்றால் அவரோடு போய்விடுகிறது.

2014 இல் அவிசாவளைக்கு அருகே, தாழ்நில ஈரவலயத் தாவரங்களைக் காப்பதற்காக, சீதாவாக்கைப் பூங்காவைத் திறந்தார்கள். கொழும்பு போகும் வழியில் ஒருநாள் இறங்கிப் பார்த்தேன். பாதை கூட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் பேச்சைக் கேட்டுத் தமிழிலேயே, "எந்த மரத்தப் பாக்க வந்தீங்க ஐயா?" என்றார். இங்கே இறப்பர் மரம் இருக்கிறதா என்று விசாரித்தேன்.

விளக்குமாற்றை ஊன்றி நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த ஊருங்க?"

"பெல்மதுளை."

"பெல்மதுளையில இருந்து ரப்பர் மரம் பாக்கவா வந்தீங்க?" என்று சிரித்துவிட்டு மறுபடியும் கூட்டத் தொடங்கினார்.