தொட்டிக்கட்டு முற்றம் புது வீட்டுக்கு செட் ஆகுமா? கட்டும் முன் இதை தெரிஞ்சுக்கோங்க!

திருப்பூர் ராயபுரம் போல வீடுகள் நெருங்கி நிற்கும் இடங்களில், கோடை இரவிலும் கான்கிரீட் கூரை அனல் கக்கும். இதற்கு கொங்கு விவசாயிகளின் பழைய தொட்டிக்கட்டு வீட்டில் ஒரு தீர்வு இருக்கு.

தொட்டிக்கட்டு என்றால் என்ன?
நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் ஓட்டுத் தாழ்வாரம். சூடான காற்று முற்றம் வழியாக மேலே போகும். ஜன்னல் வழியே வெளிக்காற்று உள்ளே வரும்.

சின்ன மனையில் முடியுமா?
முடியும். படிக்கட்டு ஓரமாக ஒரு சிறு திறப்பு விடலாம். திருட்டு பயத்துக்கு இரும்பு கிரில், கொசுவுக்கு வலை. கீழே மழைத்தண்ணி வெளியேற தரைச் சரிவும் குழாயும் அவசியம்.

எங்கே தப்பு நடக்குது?
மழைக்கு பயந்து திறப்பை கண்ணாடியால் முழுசா மூடிடுறாங்க. வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. முற்றமே அடுப்பாகிடும். மூடித்தான் ஆகணும்னா, மூடியை உயர்த்தி, பக்கவாட்டில் காற்று போக இடைவெளி விடுங்க.

சுவருக்கு என்ன வழி?
லாரி பேக்கர் பரப்பிய 'ரேட் ட்ராப் பாண்ட்' முறையில், செங்கல்லை நிறுத்தி வைத்து நடுவில் வெற்றிடம் விடுவார்கள். செங்கல் சுமார் 25% மிச்சமாகும், வெயில் சூடு உள்ளே இறங்குவதும் குறையும். ஆனால் ஒயரிங் பைப் எங்கே போகும் என்பதை சுவர் எழுப்பும் முன்பே கொத்தனாரிடம் பேசி முடிவு பண்ணிடுங்க.